395 எல்இடிக்கு மாறின பிறகு யூவி வார்னிஷ் மேலே பிசுபிசுக்குது: மாத்த வேண்டியது ரெசினா, இனிஷியேட்டரா?

லேபிள்காரன்_அம்பத்தூர் எழுதியது:

அம்பத்தூர் எஸ்டேட்ல நேரோ வெப் ஃபிளெக்ஸோ மெஷின், 330 மி.மீ. அகலம். வெள்ளை பிஓபிபி (பிளாஸ்டிக் ஃபிலிம்) லேபிளும் 250 ஜிஎஸ்எம் போர்டும் ஓடுது. கருப்பு ஸ்டேஷன், வார்னிஷ் ஸ்டேஷன் ரெண்டுலயும் இருந்த மெர்குரி விளக்கை எடுத்துட்டு 395 நானோமீட்டர் எல்இடி மாட்டியிருக்கு. மத்த கலர் ஸ்டேஷன் எல்லாம் இன்னும் மெர்குரிதான். மையும் வார்னிஷும் பழைய ஸ்டாக்.

மெர்குரியில நிமிஷத்துக்கு 70 மீட்டர்ல ஓடின வார்னிஷ் இப்ப 35 மீட்டர்ல கூட மேல பிசுபிசுன்னு இருக்கு, விரல் தடம் விழுது. ஆனா அடிப்பக்கம் கெட்டியாத்தான் இருக்கு. கருப்பு சாலிட்ல கதை வேற. மேல காஞ்ச மாதிரி இருக்கு, டேப் போட்டு இழுத்தா மை அப்படியே கையோட வந்துடுது.

விளக்கு விவரம்: 12 வாட்/ச.செ.மீ., ஜன்னல் அகலம் 20 மி.மீ., வெப்புக்கு (ஓடுற ஃபிலிம், போர்டு) மேல ஏறக்குறைய 20 மி.மீ. உயரத்துல இருக்கு. விளக்கைக் குளிர்விக்கிற தண்ணி சில்லர் 18 டிகிரி. ஒளி அளக்கிற பழைய ரேடியோமீட்டர்ல 35 மீட்டர் வேகத்துல 60 மில்லிஜூல்தான் காட்டுது. வார்னிஷ் அனிலாக்ஸ் (வார்னிஷை அளந்து எடுக்கிற குழி ரோலர்) 10 கன செ.மீ./ச.மீ.

ஒரு சப்ளையர் இனிஷியேட்டரை (ஒளி பட்டதும் உடைஞ்சு காயறதைத் தொடங்கி வைக்கிற பொருள்) 3 சதவீதம் ஏத்தச் சொல்றார். இன்னொருத்தர் டிஎம்பிடிஏங்கிற மோனோமர் சேர்த்தா டைட்டாகிடும்ங்கிறார். எதை முதல்ல தொடணும்? இன்னொண்ணு, ஒரு இனிப்புக் கடைப் பெட்டி வேலையும் இதே வார்னிஷ்லதான் போகுது.


பிரஸ்_பாஸ் எழுதியது:

பென்சோஃபீனோன் இனிஷியேட்டர் ஒரு 4 சதவீதம், கூட கொஞ்சம் டிஇஏ (ஒரு அமீன்) போடுங்க பாஸ், மேல்பக்கம் உடனே காயும். வார்னிஷ் கெட்டியா இருந்தா ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) ஒரு 5 சதவீதம் விட்டு இளக்கிக்கலாம். மெர்குரி மெஷின்ல எல்லாரும் பண்றதுதான்.


அக்ரிலேட் எழுதியது:

மேலே சொன்ன ரெண்டையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

மெர்குரி விளக்கு 254, 313, 365, 405, 436 நானோமீட்டர் என்று பல இடங்களில் ஒளி தருகிறது. பென்சோஃபீனோன் முக்கியமாக எடுத்துக்கொள்வது 254ஐ ஒட்டிய பகுதியை. 1173, 184 என்ற இனிஷியேட்டர்கள் இரண்டும் ஏறக்குறைய 245இலும் 280இலும் உறிஞ்சும். 330 பக்கம் வெறும் வால்தான். 395 எல்இடியில் 254 சுத்தமாகக் கிடையாது. ஆக இவற்றை 4 அல்ல, 10 சதவீதம் போட்டாலும் 395 ஒளியில் வேலையே செய்யாமல் படலத்துக்குள் சும்மா கிடக்கும். கிடப்பதோடு நிற்காது. பிளாஸ்டிசைசர் மாதிரி மென்மையாக்கும், நாற்றம் வீசும், இனிப்புப் பெட்டியில் உள்ளேயும் போய்ச் சேரும். சப்ளையர் ஏத்தச் சொன்ன 3 சதவீதம் எந்த இனிஷியேட்டர் என்று கேட்டீர்களா? பதில் 1173 என்றால் அவருக்கு விளக்கு மாறியதே தெரியாது என்று அர்த்தம்.

ஐபிஏ இன்னும் மோசம். யூவி வார்னிஷ் நூறு சதவீதம் திடமாகிற சரக்கு. விளக்குக்கு முன்னால் ஐபிஏ ஆவியாகிப் போகப் போதிய நேரம் கிடைக்காது. மாட்டிக்கொண்டால் குமிழியும் ஊசித்துளையும் வரும், வெப்பை ஒட்டிய விளக்குப் பெட்டிக்குள் எரியக்கூடிய ஆவியும் சேரும். வார்னிஷ் கெட்டியாக இருந்தால் மோனோமரால் (காயும்போது படலத்திலேயே சேர்ந்துவிடும் இளகிய திரவம்) இளக்குங்கள், அல்லது சூடாக்குங்கள்.

இப்போது உங்கள் பிசுபிசுப்பு. மேலே ஈரம், கீழே கெட்டி என்பது ஆக்சிஜன் தடையின் அடையாளம். இனிஷியேட்டர் உடைந்து பிறக்கும் ராடிக்கலை (வினையைத் தொடங்கும் துண்டு) காற்றிலுள்ள ஆக்சிஜன் பிடித்து பெராக்ஸி ராடிக்கல் ஆக்கிவிடுகிறது. அது அக்ரிலேட் இரட்டைப் பிணைப்போடு சேர மறுக்கும். அடியில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் அங்கே சங்கிலி வளரும். மேற்பரப்பில் மட்டும் காற்று ஓயாமல் ஆக்சிஜனை ஊட்டிக்கொண்டே இருக்கும். மெர்குரியில் 254 ஒளி மேல் ஒரு மைக்ரானிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டு அங்கே ராடிக்கலைக் கொட்டியது, அதனால் இந்தப் பிரச்சினை தெரியாமல் இருந்தது. 395 ஒளி ஆழமாகப் போகும், ஆனால் மேலே குவியாது. படலம் மெலிதாக இருக்க இருக்க இது மோசமாகும். 20 மைக்ரானை விட 3 மைக்ரானைக் காய வைப்பதுதான் கஷ்டம் என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். உங்கள் 10 கன செ.மீ. அனிலாக்ஸில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் மாறும். கையில் கிடைப்பது 3 ஜிஎஸ்எம் பக்கம்.

கருப்பு நேர் எதிர் நோய். அங்கே ஒளி அடிவரை போகவே இல்லை. ரெண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்க்காதீர்கள்.


டோஸ்மீட்டர் எழுதியது:

ஃபார்முலாவைத் தொடறதுக்கு முன்னாடி மீட்டரைப் பாருங்க சார். உங்க 60 மில்லிஜூலை நம்பவே கூடாது.

கணக்கு சுலபம். 35 மீட்டர்/நிமிஷம்னா விநாடிக்கு 58 செ.மீ. ஜன்னல் 2 செ.மீ., அதாவது ஒரு புள்ளி விளக்குக்கு அடியில இருக்கிற நேரம் 0.034 விநாடி. 12 வாட்டோட பெருக்கினா 410 மில்லிஜூல். 70 மீட்டர்ல 205. கண்ணாடி அழுக்கு, உயரம் எல்லாம் கழிச்சாலும் 60க்கு இறங்காது. மெர்குரிக்குன்னு வந்த மீட்டர்ல யூவிஏ சேனல் 320லேர்ந்து 390 வரைதான் நல்லாப் பார்க்கும். 395 அதோட ஓரத்துல விழுது. யூவிஏ2 சேனலோ, 395 எல்இடிக்குன்னே காலிபரேட் பண்ண மீட்டரோ வேணும். வாங்க முடியலன்னா விளக்கு சப்ளையரைக் கொண்டுவந்து ஒருதரம் அளக்கச் சொல்லுங்க. அதே நேரத்துல உங்க பழைய மீட்டர் என்ன காட்டுதுன்னு எழுதி வெச்சுக்கிட்டா, பின்னாடி ஒப்பிட்டுப் பார்க்கவாவது அது உதவும்.

அடுத்தது உயரம். 20 மி.மீ. ரொம்ப அதிகம். எல்இடி ஒளி விரிஞ்சு போற ஒளி, மெர்குரி மாதிரி ரிஃப்ளெக்டர் குவியம் கிடையாது. உயர்த்தினா மொத்த டோஸ் ரொம்பக் குறையாது, ஏன்னா ஒளி வெப் நீளத்துக்குப் பரவிடுது. ஆனா உச்ச செறிவு சரியும். ஆக்சிஜனை ஜெயிக்கத் தேவையானது அந்த உச்சம்தான். 5லேர்ந்து 10 மி.மீ.க்குள்ள கொண்டுவாங்க. போர்டு ஓரம் தூக்கி கண்ணாடில இடிக்கிற வேலைன்னா 10, ஃபிலிம்னா 5, 6 போதும். கண்ணாடி மேல வார்னிஷ் மிஸ்ட் படிஞ்சு மஞ்சளா இருந்தா ஐபிஏ நனைச்ச லிண்ட் இல்லாத துணியால துடைங்க, பிளேடு வேண்டாம்.

சில்லர் 18 டிகிரின்னு படிச்சதும் பக்குன்னு ஆச்சு. காலைல விளக்குக் கண்ணாடில தண்ணி முத்து முத்தா நிக்குதா? ஹால்ல ஏசி இல்லன்னா சென்னைக் காத்துல 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்துக்கு பனிநிலை (வேர்க்கத் தொடங்கற வெப்பநிலை) 27 டிகிரி. 18ல தண்ணி ஓடுற எந்த உலோகமும் வேர்க்கும். எல்இடி தலைக்குள்ள வேர்த்தா ஒளி சிதறும், டிரைவர் போர்டு அரிக்கும், வாரண்டியும் போகும். ஏசி ஹால்னா, 26 டிகிரி 60 சதவீதத்துக்கு பனிநிலை 17.6, அங்க 20, 21 வெச்சாப் போதும். ஏசி இல்லாத ஹால்ல 29 வைக்கணும், ஆனா அதுக்கு முன்னாடி விளக்கு மேனுவல்ல உள்ளே போற தண்ணிக்கு உச்ச வெப்பநிலை எவ்வளவுன்னு பாருங்க. சிலது 25க்கு மேல ஒத்துக்காது. அப்ப ஹாலைத்தான் குளிர்விக்கணும், வேற வழி இல்ல. ஐப்பசி கார்த்திகைல மழை பிடிச்சுக்கிட்டா இன்னும் மோசம். 300 ரூபா, 500 ரூபாக்கு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் கிடைக்குது, சில்லர் பக்கத்துல ஒண்ணு மாட்டிடுங்க.


லேபிள்காரன்_அம்பத்தூர் எழுதியது:

ஆமா சார், காலைல தண்ணி நிக்கத்தான் செய்யுது. தூசின்னு நினைச்சு துடைச்சுட்டு ஓட்டிக்கிட்டிருந்தாங்க. உயரத்தை இன்னைக்கே இறக்குறோம்.

வார்னிஷுக்கு எல்இடி கிரேடு ரெடிமேடா வாங்கலாம்னாலும் விலை எகிறுது. சொந்தமா 1 கிலோ ட்ரயல் போட்டுப் பார்க்க ஒரு ஆரம்ப ஃபார்முலா கிடைக்குமா?


அக்ரிலேட் எழுதியது:

போர்டுக்கும் லேபிளுக்கும் பொதுவாக, 395க்கு ஆரம்பப் புள்ளி இது. உணவுப் பெட்டிக்கு அல்ல; அதைத் தனியாகப் பேச வேண்டும். 1 கிலோவுக்குக் கிராம் கணக்கில்:

எபாக்ஸி அக்ரிலேட் (ரெசின்), 20 சதவீதம் டிபிஜிடிஏவில் கரைத்தது: 350
அமீன் சேர்த்த பாலிஈதர் அக்ரிலேட்: 250
எத்தாக்ஸிலேட் செய்த டிஎம்பிடிஏ, மூன்று இஓ (எத்திலீன் ஆக்சைடு) வகை: 200
டிபிஜிடிஏ (இளக்கும் மோனோமர்): 130
டிபிஓ-எல் (இனிஷியேட்டர்): 50
819 (இன்னொரு இனிஷியேட்டர்): 10
சிலிக்கோன் வெட்டிங் ஏஜென்ட்: 7
நுரைகொல்லி: 3

இதில் உயிர்நாடி இரண்டாவது வரி. அமீன் சேர்த்த அக்ரிலேட்டில் நைட்ரஜனுக்குப் பக்கத்திலுள்ள ஹைட்ரஜனை பெராக்ஸி ராடிக்கல் பிடுங்கிக்கொள்ளும். அங்கே புதிய ராடிக்கல் பிறந்து சங்கிலி மறுபடி ஓடும். மேற்பரப்பு காய்வது இதனால்தான். 150க்குக் கீழே போனால் பிசுபிசுப்பு திரும்பும். 350க்கு மேலே ஏற்றினால் மஞ்சள் ஏறும், தண்ணீர் தாங்காது, வெள்ளை லேபிளில் உடனே கண்ணுக்குத் தெரியும். டிஇஏ மாதிரி வினைபுரியாத அமீனை விட இது நல்லது, ஏனெனில் வலைப்பின்னலுக்குள் கட்டுண்டுவிடும், வெளியே கசியாது.

டிபிஓ-எல் திரவம், கலக்க எளிது. டிபிஓ தூளைவிட வேகம் கொஞ்சம் குறைவு, அதனால் அளவு கூடுதல். 819 395ஐத் தாண்டி 430 வரை உறிஞ்சும், நன்றாக வேலை செய்யும். தொல்லை கரைவதில்தான். குளிர்ந்த வார்னிஷில் நேராகக் கொட்டினால் மஞ்சள் துகளாகவே நிற்கும், பிறகு அனிலாக்ஸ் குழியில் போய் உட்காரும். முதலில் டிபிஜிடிஏவை 50 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் 819ஐக் கொட்டி, தெளிவாகும் வரை 20, 30 நிமிடம் கலக்குங்கள். வெந்நீர்த் தொட்டியில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கினால் போதும். நேரடிச் சுருள், ஹாட் பிளேட், பேண்ட் ஹீட்டர் எதுவும் வேண்டாம். அடுத்து டிபிஓ-எல். பிறகு எத்தாக்ஸிலேட் டிஎம்பிடிஏ, அமீன் அக்ரிலேட். எபாக்ஸி அக்ரிலேட்டையும் தனியாக 50 டிகிரிக்குக் கொண்டுவந்து கடைசியில் ஊற்றினால் சுலபமாகக் கலக்கும். குளிர்ந்து இருந்தால் தேன் மாதிரி அடியில் கட்டிப்போய் நிற்கும். மொத்தத்தில் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. சிலிக்கோனும் நுரைகொல்லியும் 40க்கு ஆறிய பிறகு. 25 மைக்ரான் பையில் வடிகட்டி, கறுப்பு எச்டிபிஇ ஜாடியில் ஓரிரவு வைத்தால் நுரை அடங்கும். மஞ்சள் விளக்கு இல்லாத அறையில், ஜன்னல் ஓரத்தில் இந்த வேலை வேண்டாம். 819 டியூப்லைட்டிலேயே மெதுவாக வேலையைக் காட்டும்.

பாகுத்தன்மை பி4 கப்பில் (அடித்துளை வழியாக வடியும் நேரத்தை அளக்கும் கப்), 30 டிகிரியில் 40லிருந்து 60 விநாடிக்குள் வரும்படி டிபிஜிடிஏவைக் கூட்டிக் குறையுங்கள். வெப்பநிலை எழுதாத பி4 அளவுக்கு மதிப்பில்லை. மே மாதத்தில் 40 விநாடி காட்டுவது டிசம்பர் காலையில் 70 காட்டும். டோஸிங் டேங்கை 40 டிகிரியில் நிலைநிறுத்தினால் இந்தத் தலைவலியும் போகும், சூடான படலம் நன்றாகவும் காயும். மெர்குரி விளக்கின் அகச்சிவப்பு வெப்பம் இந்த உதவியை இத்தனை நாள் இலவசமாகச் செய்துகொண்டிருந்தது.

இன்னொரு சப்ளையர் சொன்ன வெறும் டிஎம்பிடிஏ பற்றி: மூன்று வினைக்கரம் உள்ளது, வேகமாகக் காயும், உண்மைதான். ஆனால் சுருக்கம் மிக அதிகம், தோல் எரிச்சலும் அதிகம். பிஓபிபியில் அதை ஏற்ற ஏற்ற ஒட்டுதல் போகும். போர்டில் 10 சதவீதம் வரை ஏற்கலாம்.


ஃபிலிம்_கைராசி எழுதியது:

கருப்பு விஷயத்துக்கு வரேன். டேப்ல ஒட்டி வந்த மையைத் திருப்பிப் பாருங்க, அங்கதான் பதில் இருக்கு. வந்த மையின் அடிப்பக்கம் ஐபிஏ துணியால தொட்டா கரையுதா, இழுசுதா? அப்படின்னா அடிப்பக்கம் காயல. செதில் செதிலா, காய்ஞ்சு, உடையற மாதிரி வந்து ஃபிலிம் பளிச்னு தெரியுதா? அப்படின்னா காய்ஞ்சிருக்கு, ஒட்டல. முதலாவதுன்னா மை, விளக்கு பக்கம் தேடணும். ரெண்டாவதுன்னா கொரோனா (மை ஒட்டறதுக்காக ஃபிலிம் மேல கொடுக்கிற மின்சிகிச்சை), சுருக்கம் பக்கம் தேடணும். ரெண்டையும் குழப்பிக்கிட்டு வேகத்தை மட்டும் குறைச்சா, ரெண்டாவது வகை இன்னும் மோசமாகும். அதிகமாகக் காய்ஞ்ச படலம் சுருங்கி தானே உரியும்.

பழைய மெர்குரி கிரேடு கருப்பு எல்இடில வேலைக்கு ஆகாது. கருப்புக்கு எல்இடி கிரேடு மை தனியா வாங்கிடுங்க, அதுல கஞ்சத்தனம் வேண்டாம். எல்இடி கிரேடு மை மெர்குரி ஸ்டேஷன்லயும் காயும். மெர்குரி கிரேடு மை எல்இடில காயாது. அதனால ஸ்டாக்ல எல்லாக் கலரையும் மெல்ல எல்இடி கிரேடா மாத்திட்டா எந்த ஸ்டேஷன்ல வேணும்னாலும் போடலாம். ஆனா அந்த மை வெளிச்சத்துக்குச் சீக்கிரம் கட்டும். ரோலர், டிரே மேல வெயில் படுற ஜன்னலுக்கு மஞ்சள் ஃபிலிம், டியூப்லைட்டுக்கு மஞ்சள் ஸ்லீவ்.

கருப்பு அனிலாக்ஸ் என்ன? 4 கன செ.மீ.க்கு மேல இருந்தா அடர்த்தி அதிகமா ஏறி ஒளி கீழே போகாது. அனிலாக்ஸைக் குறைச்சு, பிக்மென்ட் அடர்த்தி அதிகமான மையை மெல்லிசா போடறது நல்லது. வெள்ளை ஸ்டேஷனை எப்பவாவது எல்இடிக்கு மாத்துவீங்கன்னா அதுவும் தொல்லைதான்: டைட்டானியம் டையாக்சைடு 400 பக்கம் வரைக்கும் ஒளியைத் தானே தின்னுடும். வெள்ளைக்கு 819 இல்லாம வழி கிடையாது.

ஃபிலிம் பக்கம்: பிஓபிபி ரீல் பிரிச்சதும் டைன் பேனா (மேற்பரப்புல மை பரவுமான்னு காட்டற சோதனைப் பேனா) போடுங்க. 38க்குக் கீழே இருந்தா மெஷின்லயே கொரோனா கொடுத்து 40, 42க்கு ஏத்தணும். மில்லுல 42 வெச்சு அனுப்பின ரீல், தகரக் கூரை குடோன்ல ஒரு கோடைக்காலம் கிடந்தா ஸ்லிப் சேர்க்கை (வழுக்கலுக்குப் போட்ட பொருள்) மேல வந்து 36க்கு இறங்கியிருக்கும். பழைய ரீலை முதல்ல எடுக்கிற ஒழுங்கு இருந்தா பாதிப் புகார் வராது. டைன் பேனா மை இரண்டு விநாடி கோடா நிக்கணும், முத்தா சுருங்கினா அந்த எண்ணுக்குக் கீழே இருக்குன்னு அர்த்தம். பேனாவும் தேதி தாண்டினது வேண்டாம்.

ஃபிலிம் வார்னிஷுக்கு மேல இருக்கிற ஃபார்முலால எபாக்ஸி அக்ரிலேட்டை 350லேர்ந்து 150க்கு இறக்கி, அந்த 200 இடத்துல வளையற அலிஃபாட்டிக் யூரேதேன் அக்ரிலேட் போடுங்க. எத்தாக்ஸிலேட் டிஎம்பிடிஏல பாதியை ஐபிஓஏங்கிற மோனோமர் ஆக்குங்க. ஒரே வினைக்கரம் இருக்கறதால சுருக்கம் ரொம்பக் கம்மி, ஒட்டும். வாசனைதான் கொஞ்சம் கற்பூரம் மாதிரி மூக்கைத் துளைக்கும். எல்லா வாடிக்கையாளரும் ஏத்துக்க மாட்டாங்க. எச்டிடிஏங்கிற இன்னொரு மோனோமர் பிவிசி, பாலிகார்பனேட் மாதிரி ஃபிலிமைக் கொஞ்சம் ஊற வெச்சு நல்லாப் பிடிக்கும். பிஓபிபில அந்த லாபம் கிடையாது, தோல் ஒவ்வாமை மட்டும்தான் மிச்சம்.


பெட்டி_பேஸ்டிங் எழுதியது:

ஒரு சின்னக் குறிப்பு. பெட்டி ஒட்டுற மடிப்புல வார்னிஷ் வரக் கூடாது, பிளேட்லயே அந்த இடத்தை விட்டுடுங்க. 7 கிராம் சிலிக்கோன் இருக்கிற வார்னிஷ் மேல தண்ணி பசை நிக்காது. ஃபாயில் ஸ்டாம்பிங்கும் பிடிக்காது. ஃபாயில் வேலைன்னா சிலிக்கோனை 2 கிராமுக்கு இறக்கி, வழுக்கல் குறையறதை ஏத்துக்கணும்.

காய்ஞ்சுதான்னு பார்க்க நகக்கீறலை மட்டும் நம்பாதீங்க. வெள்ளை இடத்துல பொட்டாசியம் பெர்மாங்கனேட் 1 சதவீதக் கரைசல் ஒரு சொட்டு, 5 நிமிஷம், தண்ணியால கழுவித் துடைங்க. மீந்துபோன இரட்டைப் பிணைப்பு இருந்தா பழுப்புக் கறை விழும். நல்லா காஞ்ச பழைய மெர்குரி ஷீட்டைப் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டா ஷிஃப்ட்ல யார் வேணும்னாலும் சொல்லிடலாம். வாரத்துக்கு ஒருதரம் எம்இகே (ஒரு கரைப்பான்) நனைச்ச பஞ்சால இருபக்கத் தேய்ப்பு. எத்தனாவதுல பளபளப்பு உடையுதுன்னு எழுதி வைங்க. பெரிய வாடிக்கையாளர் ஆதாரம் கேட்டா கிண்டி சிப்பெட் மாதிரி ஆய்வுக்கூடத்துல எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளிச் சோதனை) எடுக்கலாம். 810 பக்கத்துல அக்ரிலேட் சிகரம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு ஈர வார்னிஷோட ஒப்பிட்டுக் காட்டும்.


இடம்பெயர்வு எழுதியது:

இனிப்புப் பெட்டி பற்றி யாரும் விரிவாகத் தொடவில்லை. அந்த வேலையை இந்த வார்னிஷிலிருந்து உடனே பிரித்துவிடுவதே சரி.

அச்சிட்ட பக்கம் வெளியே இருக்கிறது, உள்ளே பாலித்தீன் உறை இருக்கிறது என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. ஷீட்டுகளை அடுக்கும்போதும் ரீலாகச் சுற்றும்போதும் அச்சிட்ட முகம் அடுத்ததன் உட்பக்கத்தில் அழுந்துகிறது; காயாத இனிஷியேட்டரும் மோனோமரும் அப்படியே அங்கே பதியும். 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஐடிஎக்ஸ் என்ற இனிஷியேட்டர் கண்டுபிடிக்கப்பட்டு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது அட்டைப்பெட்டி யூவி மையால்தான். பென்சோஃபீனோன் இன்னும் ஒரு படி மேலே: ஆவியாக போர்டைக் கடந்தே போகும். நெய் மிகுந்த இனிப்பு இவற்றை நன்றாக வாங்கிக்கொள்ளும்.

இந்தியாவில் உணவுப் பொதிக்கான மைக்கு ஐஎஸ் 15495 தரம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பொதிவு விதிமுறை அதைச் சுட்டுகிறது. மை சப்ளையரிடம் அதற்கு இணங்குகிற எழுத்துபூர்வ உறுதி கேளுங்கள். அதற்கு மேல், குறைந்த இடம்பெயர்வு (உணவுக்குள் கசிவது குறைவான) கிரேடு வார்னிஷ் வாங்குங்கள்: பாலிமர் சங்கிலியில் கட்டிய பெரிய மூலக்கூறு இனிஷியேட்டர், எத்தாக்ஸிலேட் செய்த மோனோமர். சொந்தமாகக் கலக்க வேண்டாம். தண்ணீர் அடிப்படை வார்னிஷ் இந்தப் பெட்டிக்குப் போதும் என்றால் அதுவே மலிவு, அதுவே நிம்மதி. மினுமினுப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பெரிய அளவில் உணவுப் பொதி செய்பவர்கள் எலக்ட்ரான் கற்றைக்குப் போவதும் இதனால்தான். அங்கே இனிஷியேட்டரே வேண்டாம். எலக்ட்ரான்கள் நேராகவே பிணைப்பை உடைத்து ராடிக்கலைத் தரும். கருப்பு, வெள்ளை என்ற பேதமும் கிடையாது. ஆனால் நைட்ரஜன் சூழலில் ஆக்சிஜனை 200 பிபிஎம்முக்குக் கீழே வைக்க வேண்டும், எக்ஸ்ரே கவசம், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி எல்லாம் உண்டு. 330 மி.மீ. மெஷினுக்கு அது கணக்கில் வராது.

ஏற்றுமதி லேபிள் இருந்தால் இன்னொன்று. டிபிஓவை ஐரோப்பிய ஒன்றியம் இனப்பெருக்க நச்சு 1பி வகையில் வைத்திருக்கிறது. 2023 ஜூனில் அதிகக் கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை. 369, 907 என்ற இனிஷியேட்டர்கள் இரண்டும் அதே வகைப்பாட்டில் இருக்கின்றன, கருப்பு மைகளில் இன்னமும் நுழையும். அக்ரிலேட் மேலே டிபிஓ-எல் கொடுத்திருப்பது நல்லது. ஆனால் பில்லிலும் பாதுகாப்புத் தரவுத் தாளிலும் அந்த "எல்" இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் இரண்டையும் ஒன்றுபோலவே டிபிஓ என்பார்கள்.


பிரஸ்_பாஸ் எழுதியது:

சரி, பென்சோஃபீனோன் வாபஸ். ஆனா ஒரு கேள்வி: கடைசில ஒரு மெர்குரி விளக்கை அப்படியே விட்டு வெச்சிருந்தா இந்தப் பாடெல்லாம் வேண்டாமே?


டோஸ்மீட்டர் எழுதியது:

நியாயமான கேள்விதான். நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க, வார்னிஷுக்கு மட்டும் மெர்குரி, கலருக்கு எல்இடி. அப்ப ஓசோன் குழாய், 1000லேர்ந்து 1500 மணி நேரத்துல பல்ப் மாத்தறது, சூட்டுல மெல்லிசு ஃபிலிம் இழுபடறது எல்லாம் ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும் இருக்கும். அந்த விளக்கைத் திரும்ப மாட்டறதுன்னா குவார்ட்ஸ் பல்பை வெறுங்கையால தொடாதீங்க. கை உப்பால அந்த இடத்துக் குவார்ட்ஸ் சூட்டுல படிகமாகி வெளுத்துடும்.

இன்னொரு வழி விளக்குக்கு அடியில நைட்ரஜன் திரை. நல்லா வேலை செய்யும், ஆனா சிலிண்டர் செலவு ஓடிக்கிட்டே இருக்கும். 330 மி.மீ. மெஷினுக்கு அமீன் அக்ரிலேட் ஃபார்முலா போதும்னுதான் நினைக்கிறேன்.


லேபிள்காரன்_அம்பத்தூர் எழுதியது:

விளக்கு 8 மி.மீ.க்கு வந்தாச்சு, ஹால்ல ஏசி போட்டு சில்லர் 21ல நிக்குது, தண்ணி இல்ல. பழைய வார்னிஷே 35 மீட்டர்ல முன்னைவிட பரவாயில்ல, ஆனா விரல் தடம் இன்னும் இருக்கு. கருப்பு டேப்ல வந்ததைத் திருப்பிப் பார்த்தோம், அடிப்பக்கம் இழுசுது. எல்இடி கிரேடு கருப்புக்குச் சொல்லியாச்சு. இனிப்புப் பெட்டி தண்ணி வார்னிஷுக்குப் போகுது.

ட்ரயல் சரியா வந்தா 50 கிலோ பேட்ச் போடணும். மூலப்பொருள் டிரம்மை எங்க வைக்கிறது? குடோன் தகரக் கூரை. கோடைல 42, 43 டிகிரி வரும்.


அக்ரிலேட் எழுதியது:

அடிப்பக்கம் இழுசினால் கருப்பு மை மாறியதும் தீரும். பழைய வார்னிஷில் விரல் தடம் போகாதது எதிர்பார்த்ததுதான், அதில் 395க்கான இனிஷியேட்டர் இல்லை.

டிரம்கள் அந்தக் குடோனில் கூடாது. அக்ரிலேட் மோனோமர், ரெசின் எல்லாவற்றிலும் எம்இஎச்க்யூ மாதிரி தடுப்பான் சில நூறு பிபிஎம் இருக்கும். அது வேலை செய்யக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தேவை. எனவே டிரம்மை விளிம்புவரை நிரப்பக் கூடாது, நைட்ரஜன் போட்டு மூடக் கூடாது. மேலே பத்தில் ஒரு பங்கு காற்று இருக்கட்டும். வெயில் படாத, 30 டிகிரிக்குள் இருக்கும் அறை வேண்டும். ஏசி ஹாலின் ஒரு மூலையே போதும், 50 கிலோவுக்கு அதிக இடம் பிடிக்காது. இரும்பு, செம்பு, பித்தளை பம்பு, வால்வு எதுவும் படக் கூடாது, துருவே ஜெல்லைத் தொடங்கிவைக்கும். எச்டிபிஇ அல்லது ஸ்டெயின்லெஸ் மட்டும். எடுத்த மிச்சத்தை, குறிப்பாக இனிஷியேட்டர் கலந்ததை, மூலப்பொருள் டிரம்மில் திரும்ப ஊற்றாதீர்கள். 819 கரைத்த டிபிஜிடிஏவை அன்றைய பேட்சுக்கு மட்டும் போடுங்கள். ஏசி அறையில் வைத்து அடுத்த நாள் பார்த்தால் அடியில் படிகம் திரும்பியிருக்கலாம்.

டிரம் பக்கவாட்டில் தொட்டால் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறது, அல்லது உப்பியிருக்கிறது என்றால் திறந்து பார்க்க வேண்டாம். ஆட்களை விலக்கி, தூரத்திலிருந்து தண்ணீர் தெளித்துக் குளிர்வித்து, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தானே தொடங்கிய பாலிமராக்கம் வெப்பத்தை வெளியிட்டு மேலும் வேகமெடுக்கும்.

கலக்குகிறவர்களுக்கு நைட்ரைல் கையுறை, லேடெக்ஸ் அல்ல. லேடெக்ஸ் வழியாக மோனோமர் சில நிமிடங்களில் ஊடுருவும். நனைந்த கையுறையை உடனே மாற்ற வேண்டும். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான், தின்னரோ எம்இகேயோ போட்டுத் துடைத்தால் அதையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும். ஒருவருக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுக்கே கை தடிக்கும், அவரை அந்த வேலையில் மறுபடி வைக்க முடியாது.

50 கிலோவுக்குக் கலக்கும்போது மிக்ஸர் தட்டு வேகத்தை ஏற்றிச் சூடு கிளப்பாதீர்கள். வெப்பமானியை உள்ளேயே போட்டு வையுங்கள், 60ஐ நெருங்கினால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள். ட்ரயலின் பி4 விநாடியும், பெர்மாங்கனேட் கறையும், எந்த வேகத்தில் என்பதும் தெரிந்ததும் இங்கே போடுங்கள், டிபிஜிடிஏவை எவ்வளவு நகர்த்துவது என்று அதை வைத்துச் சொல்லலாம்.